நாலாம் வாரம்

ராங்கெல் பேனெவ் கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அறுபத்தெட்டு வயதில் அது ஒன்றும் ஊரில் இல்லாத அதிசயம் இல்லை. ஆனால் டிரெனோவ்கா ஊரில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர்களைப் பாரம் தூக்க வைத்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர் தன் உடம்பைத் தூக்க மேசை விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் நாலு பேர் பார்க்கத்தானே செய்வார்கள்? தபால் நிலையப் பெஞ்சிலிருந்து அவர் எழுந்தபோது இரண்டு பேர் சிரித்ததாக அவருக்குப் பட்டது. அவர்கள் வேறு எதற்காவது சிரித்திருக்கலாம்.

டாக்டரம்மா அவர் தொடையை அழுத்திப் பார்த்தாள்.

"சதையே இல்லீங்களே. இதுக்கு மாத்திரை கெடையாது. வாரத்துல மூணு நாள் வெயிட் தூக்குங்க. மின்சோவோட கூடத்துக்குப் போங்க, எங்கம்மாகூட அங்கதான் போறாங்க."

'அங்கே மட்டும் வேண்டாம்' என்று வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அவள் எழுதிக் கொடுத்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் அது தயிர் ஜாடிக்குப் பின்னால் மூன்று மாதம் கிடந்தது.

"ஏய்யா, அது உன் காலா, பக்கத்து வீட்டுக்காரன் காலா?" என்று அவர் மனைவி பென்கா கத்தினாள். "மின்சோ உங்கிட்ட பழகுன பையன்தானே? போனா மரியாதையாத்தான் நடத்துவான்."

மரியாதையாக நடத்திவிடுவானோ என்பதுதான் ராங்கெலுடைய பயமே.

விஷயம் இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தையது. அப்போது எங்கள் கம்பளி ஆலையில் ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். கொதிகலனுக்குப் பின்புறம் பளு தூக்கும் கூடம். ராங்கெல் அதன் மாஸ்டர். வாய்ச்சவடால் இல்லாத, நிதானமான ஆள். கட்டம் போட்ட தாள்களை ஒட்டி, நாலு வருஷத்துக்கு வாரம் வாரமாகத் திட்டம் எழுதுவார். எழுதியது சிவப்புப் பென்சில். அதை ஒவ்வொரு பையனுக்கும் ஒரு நோட்டில் பெயர்த்து, அவன் உண்மையில் தூக்கியதை அதன் பக்கத்தில் நீலப் பென்சிலால் குறிப்பார். மூன்று வாரம் ஏற்றம், நாலாம் வாரம் இறக்கம். அந்த வாரத்தில் எடை பாதிதான். தூக்கும்போது உடம்பு தேயத்தான் செய்யும், பலம் ஏறுவது பிறகு இளைப்பாறும்போதுதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்று பின்னால் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாத அளவுக்குத் தெரியும்.

அந்தத் திட்டத்தின் நடுநாயகம் மின்சோ. இருபது வயது, தறி பழுது பார்க்கிறவன். கேட்டால்தான் பேசுவான். சொன்னதைச் செய்வான். அவனை நாலு வருஷத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில், தேசியப் போட்டி மேடையில் நிறுத்துவது என்று எழுதி, தலைநகர் சோபியாவில் முத்திரை குத்தி வாங்கியும் வந்திருந்தார்.

எண்பத்து மூன்று மார்ச்சில் ஆலைக் கூட்டம் நடந்தது. எதிர்த்திட்டம் அறிவிக்கிற கூட்டம். மேலிடம் போட்டுக் கொடுத்த திட்டத்தைவிடக் கூடுதலாகச் செய்வோம் என்று ஒவ்வொரு பிரிவும் தானாக முன்வந்து எழுந்து சொல்ல வேண்டும். தானாக என்பது ஒரு பேச்சுக்கு. நூற்புக் கூடம் நூலில் நூற்றுக்கு எட்டு அதிகம் என்றது. சாயப் பிரிவு ஒன்பது என்றது. சமையற்கூடம், பீன்ஸ் சூப்பில் எண்ணெயைக் குறைத்து மிச்சம் பிடிப்பதாகச் சத்தியம் செய்தது. அதற்கும் கைதட்டினார்கள். அந்தச் சூப்பைக் குடிக்கப் போகிறவர்களே தட்டினார்கள்.

"தோழர் பேனெவ், விளையாட்டுக் கூடத்துலேர்ந்து என்ன?"

அவர் எதுவும் யோசித்து வரவில்லை. எழுந்து நின்றார்.

"அவங்க என்னத்த சொல்லுவாங்க?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "தூக்கறாங்க, திரும்பவும் எடுத்த எடத்துலயே வெச்சிடறாங்க. அதுல என்ன உற்பத்தி?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ராங்கெலுக்குக் காது மடல் சுட்டது. அந்தச் சிரிப்பு நின்றால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"நாலு வருஷத் திட்டத்த மூணே வருஷத்துல முடிப்போம்," என்றார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. வீட்டுக்கு வந்து தாளை விரித்துக் கணக்குப் போட்டார். மாதத்துக்கு நாலு வாரத்தில் ஒரு வாரம் இறக்கம். அந்த நாலாம் வாரத்தை எடுத்துவிட்டால் நாலு வருஷத்தில் சரியாக ஒரு வருஷம் மிச்சம். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. கணக்கு கொஞ்சம் உதைத்திருந்தாலாவது மறுபடி யோசித்திருப்பார்.

முத்திரை குத்திய திட்டத்தைத் திருத்த முடியாது. மற்ற வாரங்களில் எழுதியதைவிட அதிகம் தூக்கியதாகக் காட்டினால் பாராட்டு வரும். இறக்க வாரத்தில் காட்டினால் கேள்வி வரும். ஆகவே நாலாம் வாரம் கூடத்தில் செத்தது, நோட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மின்சோ நூற்று எழுபது கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்த நாளில், ராங்கெல் நீலப் பென்சிலால் எண்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் வருஷம் எல்லாம் ஏறுமுகம். ராங்கெல் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். இரண்டாம் வருஷக் கடைசியில் மின்சோவுக்குத் தூக்கம் கெட்டது, சோறு இறங்கவில்லை.

"மாஸ்டர், இடுப்புல சுருக்கு சுருக்குன்னு குத்துது. ஒரு வாரம் கொறச்சுக்கட்டுமா?"

"நோவு பாக்கற வயசாடா உனக்கு? போ, பெல்ட்ட இறுக்கிக் கட்டு."

எண்பத்தாறு பிப்ரவரி, ஒரு வியாழக்கிழமை. திட்டப்படி அது நாலாம் வாரம், நூறு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கம்பியில் இருந்தது நூற்றுத் தொண்ணூற்றைந்து. மின்சோ உட்கார்ந்தான், எழவில்லை. கம்பி முதுகுப் பக்கம் உருண்டு தரையில் விழுந்தது. அவன் முழங்காலில் நின்றபடி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் வலிகூட இல்லை, ஒரு குழப்பம்தான் இருந்தது.

"மாஸ்டர், கால் எங்க இருக்குன்னே தெரியல."

மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முதல் நாள் ராங்கெல், பிளம் பழம் ஊறிய ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜாடியை அலமாரியில் வைத்தார், நகர்த்தி வைத்தார், திரும்பவும் நகர்த்தி வைத்தார்.

"மின்சோ, ஒங்க வீட்டுக் கொட்டகையில பழைய தறித்தண்டுல எடை தூக்க ஒரு பார் செஞ்சு வெச்சிருக்கியே. நாலாம் வாரத்துல எல்லாம் நீயாவே அத தூக்கினதா சொல்லிடு. இல்லேன்னா கூடத்த மூடிடுவாங்கடா. இருவது பசங்க தெருவுல நிப்பாங்க."

மின்சோ கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி மாஸ்டர்," என்றான்.

கத்தியிருக்கலாம், ஜாடியை எடுத்து எறிந்திருக்கலாம். அவன் சொன்னது அந்த 'சரி மாஸ்டர்' மட்டும்தான். மாஸ்டர் பாரம் எவ்வளவு என்று சொல்லும்போதெல்லாம் அவன் சொல்கிற அதே 'சரி மாஸ்டர்'. ராங்கெல் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்: மாணவன் திட்டத்தை மீறி வீட்டில் ரகசியமாகப் பளு தூக்கியிருக்கிறான். கீழே கையெழுத்து.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஆலைச் சுவர்ப் பத்திரிகையில் 'பேராசை கொண்ட தோழருக்கு ஒரு பாடம்' என்று மின்சோவைப் பற்றி எழுதினார்கள். கால் திரும்பி வந்தது, ஆனால் இடது கால் இழுத்தபடியே வந்தது. குனிந்து தறி பார்க்க முடியாமல் அவனை வாசற்காவல் கூண்டில் உட்கார வைத்தார்கள். ராங்கெலுக்கோ ஏறுமுகம். விசாரிக்க வந்தவர்களுக்கு அவர் திட்டம் அவ்வளவு பிடித்துப்போயிற்று. பொறுமைக்கு இதுவல்லவா இலக்கணம் என்று மாவட்டத்துக்கே அழைத்துப் போய் மற்ற மாஸ்டர்களுக்குப் பாடம் எடுக்க வைத்தார்கள். நாலாம் வாரம் பேனெவ் என்று பட்டப்பெயரே விழுந்தது. ஒரு பதக்கமும் கொடுத்தார்கள். ஊருக்கு உபதேசம் செய்ய அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

அவர் நன்றாகவே பாடம் நடத்தினார் என்பதுதான் கொடுமை. பேசி முடித்துக் கைதட்டல் வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக் கூரை நினைவுக்கு வரும், தண்ணீர் குடிப்பது போல் முகத்தை மறைத்துக்கொள்வார். ஆலை மூடுகிற வரை ஒன்பது வருஷம், கம்பளிப் பொதி வரும் பின்வாசல் வழியாகவே உள்ளே போனார். முன்வாசல் கூண்டில் மின்சோ இருந்தானே!

ஆலையை மூடிச் சில வருஷம் கழித்து மின்சோ கொதிகலனுக்குப் பின்னாலிருந்த அந்த இடத்தைச் சுத்தம் செய்து ஒரு கூடம் திறந்தான். போட்டிக்குப் போகிறவர்களுக்கு அல்ல. இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், மாடிப்படி ஏற முடியாதவர்கள், இப்படிப்பட்ட ஜனங்களுக்கு.

அக்டோபரில் ஒரு நாள், கழிப்பறையிலிருந்து எழ முடியாமல் பென்காவைக் கூப்பிட வேண்டி வந்தது. மறுநாள் ராங்கெல் அங்கே போனார். எந்த வெட்கம் பெரியது என்று நிறுத்துப் பார்த்துதான் போனார்.

உள்ளே ரொட்டிக்கடை ஸ்தோயாங்கா தரையிலிருந்து நூறு கிலோவைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பத்துநாலு வயது, அகலமான தோள், அதைவிட அகலமான வாய். ராங்கெல் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தார். அவருடைய திட்டம்! மின்சோவின் கையெழுத்தில், பெரிய தாளில், மூன்று வாரம் ஏற்றமும் நாலாம் வாரம் இறக்கமுமாக. மேலே 'திட்டம்: ரா. பேனெவ்' என்று எழுதியிருந்தது.

"வாங்க மாஸ்டர்," என்றான் மின்சோ. தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. குரல் அதே குரல்.

"அட, நாலாம் வாரம் பேனெவ் நீங்கதானா!" ஸ்தோயாங்கா கம்பியை விட்டுவிட்டு வந்தாள். "நான் யாரோ செத்துப்போன பெரிய மனுஷன்னு நெனச்சிட்டிருந்தேன். மூணு வருஷமா உங்க திட்டந்தான்யா. மாவு மூட்டய எறக்க ஆள் தேடுவேன், இப்ப நானே எறக்கறேன். அதுலயும் அந்த நாலாம் வாரம் இருக்கே, மாவ மூடி வெச்சுப் பொங்க விடறாப்பல. அவசரத்துல அடுப்புல தள்ளினா கல்லுதான் வரும். இத கண்டுபிடிச்ச வாய்க்கு சர்க்கரை போடணும்."

எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகி நின்றார் ராங்கெல். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தாளில் இருந்தது பொய் என்றல்லவா இத்தனை நாள் வெட்கப்பட்டார்? அது பொய்யில்லை. அத்தனையும் சரி. ஒரு சிரிப்புக்குப் பயந்து தானே அதை நம்பாமல் போனோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மின்சோ ஒரு பெஞ்சில் மூன்று பாய்களை மடித்து அடுக்கினான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும், அவ்வளவுதான். மூன்று செட், வாரத்தில் மூன்று நாள். வாரத்துக்கு ஒரு பாயை எடுத்து உயரத்தைக் குறைப்பது, நாலாம் வாரம் எடுத்ததை எல்லாம் திரும்ப அடுக்குவது, ஐந்தாம் வாரம் மறுபடி இறங்குவது. கையில் ஒரு நோட்டும் சிவப்பு, நீலப் பென்சில்களும் கொடுத்தான்.

"நெசமா செஞ்சத மட்டும் நீலத்துல எழுதுங்க," என்றான். புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்வதுதான் என்று ஸ்தோயாங்கா பிறகு சொன்னாள். அப்படியும் ராங்கெல் அன்றைக்குச் செய்ததை எழுதுமுன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

நாலாம் வாரம் வந்தது. புதிதாக இரண்டு பள்ளி ஆசிரியைகள் சேர்ந்திருந்தார்கள். இந்த வாரம் மட்டும் ஏன் பாதி என்று அவர்கள் கேட்டார்கள். மின்சோ ராங்கெலைப் பார்த்தான்.

"நீங்க சொல்லுங்க மாஸ்டர்."

நூறு தடவை நடத்திய பாடம். எழுந்து நின்றதும் நாக்கு தானாகவே ஆரம்பித்தது. மூன்று வாக்கியம் சரளமாக வந்தது. 'இதை மீறுகிறவன் பேராசைக்காரன்' என்பது நாலாவது வாக்கியம். வழக்கமாக அந்த இடத்தில் மாவட்டத்தார் தலையாட்டுவார்கள். இப்போது அதைச் சொல்லாமல் மின்சோவின் பக்கம் திரும்பினார். 

"மின்சோ, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"திங்கக்கிழம சொல்லுங்க மாஸ்டர்." மின்சோ எழுந்து பாய்களைச் சரிசெய்தான். "நாலாம் வாரத்துல இங்க யாரையும் நான் பெரிசா எதுவும் செய்யச் சொல்றதில்ல."

அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, எதையும் மன்னித்துவிடவும் இல்லை. ராங்கெலுக்கு அது அப்போது விளங்கியது. திங்கட்கிழமை வரை வீட்டில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தார். கால் வலிக்கிறது என்று பென்காவிடம் சொல்லியும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் முற்றத்தில் சுட்ட மிளகாய்களைத் தோலுரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து மொத்தத்தையும் சொல்லிவிட்டார். அவள் கை நிற்கவில்லை. கடைசி மிளகாயை உரித்து முடித்தபிறகு அவரைப் பார்த்தாள்.

"அந்தப் பையன் கொட்டகையில தூக்குனதா நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கேனே!"

 திங்கட்கிழமை காலையில் அவள் எடுத்து வைத்த அவருடைய சப்பாத்து வாசலில், மூக்கு தெருவைப் பார்த்தபடி இருந்தது.

கூடத்தில் அவருடைய பாய்ப் பெஞ்சின்மேல், ஆலை மூடியபோது மின்சோ எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய நோட்டு இருந்தது. அட்டை கிழிந்து, முனை மடங்கி. பக்கத்தில் நீலப் பென்சில். ஸ்தோயாங்காவும் ஆசிரியைகளும் சும்மா நின்றார்கள்.

"மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு மாஸ்டர்," என்றான் மின்சோ. "நாலாம் வாரம் மட்டும். முப்பத்தெட்டு இருக்கு. நெசமா தூக்குனத எழுதிடுங்க."

ராங்கெல் உட்கார்ந்தார். தன்னுடைய கையெழுத்தைத் தானே பார்க்கக் கூசியது. முதல் பக்கத்தில் எழுபதை அடித்துவிட்டு நூற்று நாற்பது என்று எழுதினார்.

"சத்தமா சொல்லுங்க. ஸ்தோயாங்காவுக்குக் கேக்கல."

"எழுவது இல்ல, நூத்தி நாப்பது."

மாஸ்டர்களுக்கு எண் மறக்காது. மனைவி பிறந்த நாளை மறப்பார்கள், யார் எந்த மாதம் எவ்வளவு தூக்கினான் என்பதை மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், அடித்தார், எழுதினார், சொன்னார். ஒரு இடத்தில் மட்டும் தயங்கினார்.

"நூத்தி எண்பது?"

"நூத்தி எண்பத்தஞ்சு," என்றான் மின்சோ. "அன்னிக்குத்தான் கொறச்சுக்கட்டுமான்னு கேட்டேன்."

"ஆமா. எண்பத்தஞ்சு."

முப்பத்தெட்டாவது, நூற்றுத் தொண்ணூற்றைந்து. அதை எழுதும்போது பென்சில் முனை உடைந்தது. மின்சோ வாங்கிச் சீவிக் கொடுத்தான். பிறகு கடைசிப் பக்கம். மாணவன் திட்டத்தை மீறி வீட்டில் ரகசியமாக. ராங்கெல் அதைக் குறுக்கே அடித்தார்.  'நான் தூக்கச் சொன்னேன். அவனைப் பொய் சொல்லச் சொன்னதும் நான்தான்' என்று எழுதினார். அதையும் சத்தமாகப் படித்தார். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அப்ப மின்சோவ ஊரே பேராசக்காரன்னு சொன்னது?" என்று கேட்டாள் ஸ்தோயாங்கா.

"பேராச எனக்குத்தான்," என்றார் ராங்கெல். "பேராசகூட இல்ல. சிரிச்சாங்கன்னு பயந்துட்டேன்."

"ச்சீ," என்றாள். "உங்க பேரச் சொல்லி என் பேத்திக்குக் கத சொன்னேன்யா நான்."

அவருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. சுவரைக் காட்டினார்.

"அதுலேர்ந்து என் பேர எடுத்துடு மின்சோ."

"பேரு இருக்கட்டும் மாஸ்டர். திட்டம் உங்களோடதுதானே. நல்ல திட்டம்." மின்சோ நோட்டிலிருந்து கடைசிப் பக்கத்தைக் கத்தியால் அறுத்தெடுத்தான். காலை இழுத்து இழுத்துச் சுவருக்குப் போய், திட்டத்துக்குப் பக்கத்தில், கண் உயரத்தில், நாலு மூலையிலும் ஆணி வைத்து அடித்தான். "புதுசா வர்றவங்க ரெண்டையும் சேத்துப் பாக்கட்டும்."

பிறகு பெஞ்சுக்கு வந்து பாயைக் குறைத்தான்.

"அஞ்சாம் வாரம். மூணு செட்."

பெஞ்ச் அந்தச் சுவரைப் பார்த்துதான் கிடந்தது. ராங்கெல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார். கை ஊன்றவில்லை. எழுகிற ஒவ்வொரு தடவையும் அந்தத் தாள் நேரே கண்ணுக்கு வந்தது. ஆசிரியைகளில் ஒருத்தி அதைப் படித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை அவர் தரையைப் பார்த்தபடி எழப் போனார்.

மின்சோ பின்னாலிருந்து சொன்னான்: "தலய நிமித்துங்க மாஸ்டர். குனிஞ்சுக்கிட்டே எழுந்தா இடுப்பு போயிடும்."